கோடு போட்டு இலக்கணம்: ஹோம்ஸ்கூல் பிள்ளைகளுக்கு வாக்கிய வரைபடப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

டெக்சஸில் பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கும் பெற்றோரிடம் மாநிலம் கேட்பது ஐந்தே பாடங்கள்: வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நல்ல குடிமகனுக்குரிய பண்புகள். பரீட்சை கிடையாது, யாரும் வந்து பார்ப்பதும் கிடையாது. டாலஸ் பக்கம் குடியிருக்கும் நாங்கள் மகனை வீட்டில் படிக்கவைக்கத் தொடங்கியபோது, மற்ற நாலும் எப்படியோ ஓடிவிடும் என்று தோன்றியது. இலக்கணத்தில்தான் கை நடுங்கியது. நான் ஆங்கிலம் படித்தது ஊரில், மனப்பாடமாக. வாய்ஸ் மாற்று, டென்ஸ் மாற்று என்றால் மாற்றுவேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் இங்கே பழகிய அம்மாமார்கள் 'டயக்ராமிங்' என்றார்கள். ஒரு வாக்கியத்தின் சொற்களை எடுத்து, கோடுகளின் மேலும் கீழும் அதனதன் வேலைப்படி உட்காரவைப்பது. பார்த்ததும் பிடித்துப்போய், அந்த வாரமே ஒரு முழு செட்டை வாங்கினேன். அது இரண்டு மாதத்தில் அலமாரிக்குப் போனது. புத்தகம் மட்டமில்லை, நான் வாங்கிய வரிசைதான் தலைகீழ். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகளோடும் சில நண்பர் வீடுகளோடும் பழகியதில் தெரிந்துகொண்ட வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வாக்கியத்தைப் படமாக்கும் ஆசை அமெரிக்காவில் பழையது. 1847-ல் ஸ்டீபன் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் பலூன் மாதிரி ஒரு வட்டத்துக்குள் போட்டு, வட்டங்களை ஒட்டவைத்தார். நீளமான வாக்கியம் என்றால் திராட்சைக்கொத்து மாதிரி ஆகிவிடும். 1877-ல் புரூக்ளின் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய அலான்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் இருவரும் வெளியிட்ட 'ஹையர் லெசன்ஸ் இன் இங்கிலீஷ்' என்ற நூல் அந்த பலூன்களை ஒதுக்கிவிட்டு வெறும் கோடுகளைக் கொண்டுவந்தது. இன்று ஹோம்ஸ்கூல் புத்தகங்களில் டயக்ராமிங் என்று இருப்பது பெரும்பாலும் இந்த ரீட்-கெல்லாக் முறைதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இணையத்தில் தேடினால் இன்னொன்றும் வரும். மரம் மாதிரி மேலிருந்து கீழே கிளை பிரியும் படங்கள், கிளைக்குக் கிளை சுருக்கெழுத்துகள். அது மொழியியல் மாணவர்களுக்கானது. வாக்கியத்தைப் போட்டால் தானாகப் படம் வரைந்து தரும் தளங்களில் பலவும் இந்த மரத்தைத்தான் தரும். பிள்ளையின் புத்தகத்தில் ஒரு முறை, நீங்கள் சரிபார்க்கும் தளத்தில் இன்னொரு முறை என்று ஆனால், இரண்டு பேருக்கும் தலைவலிதான் மிச்சம்.

புத்தகம் வாங்குவதற்கு முன் மூன்று வாரம்

இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். நான் தாண்டித்தான் காசை விட்டேன். ஒரு ஒயிட்போர்டு, இரண்டு நிறத்தில் மார்க்கர், அவ்வளவே செலவு. முதல் மாணவர் நீங்கள்.

படுக்கைவசமாக ஒரு கோடு போடுங்கள். நடுவில் அதை வெட்டிக்கொண்டு கீழேயும் இறங்கும்படி ஒரு செங்குத்துக் கோடு. இடப்பக்கம் எழுவாய், வலப்பக்கம் வினை. 'டாக்ஸ் பார்க்' (நாய்கள் குரைக்கும்) என்றால் டாக்ஸ் ஒரு பக்கம், பார்க் மறுபக்கம். எத்தனை நீள வாக்கியமானாலும் முதுகெலும்பு இதுதான். வினைக்குப் பிறகு செயப்படுபொருள் வந்தால் இன்னொரு செங்குத்துக் கோடு. ஆனால் இது படுக்கைக் கோட்டின் மேலேயே நின்றுவிடும், வெட்டிக்கொண்டு கீழே போகாது. பெயரடையும் வினையடையும் அவை தழுவும் சொல்லுக்கு அடியில் சாய்ந்து தொங்கும். 'இன்', 'ஆன்', 'அண்டர்' மாதிரிச் சொற்களுக்கும் ஒரு சாய்கோடுதான், அதன் நுனியில் ஒரு சின்னப் படுக்கைக் கோடு, அதில் பெயர்ச்சொல்.

தமிழ் வழியில் ஐந்தாறு வருடமாவது படித்தவர்களுக்கு இங்கே ஒரு லாபம் இருக்கிறது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று வகுப்பில் கோரஸாகச் சொன்னது நினைவிருக்கும். அது அப்படியே இந்த முதுகெலும்பில் உட்காரும். 'சிட் டவுன்' என்று கட்டளை வாக்கியம் வந்தால் எழுவாய் இடத்தில் 'யூ' என்று அடைப்புக்குறிக்குள் எழுதச் சொல்வார்கள். அமெரிக்க அம்மாக்கள் அதை விளக்கத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நமக்கு அது தோன்றா எழுவாய், ஒரே சொல்லில் முடிந்தது. 'ஹி கேவ் மீ எ புக்' என்ற வாக்கியத்தில் 'மீ' என்ற சொல் வினைக்கு அடியில் தொங்கும், அதை வினையோடு இணைக்கும் சாய்கோடு வெறுமையாக இருக்கும். அங்கே 'டு' மறைந்திருக்கிறது. 'கு' உருபு மறைந்த தொகை என்று வைத்துக்கொண்டால் அந்த வெற்றுக்கோட்டின் பொருள் சட்டென்று பிடிபடும்.

இடறும் இடமும் ஒன்று உண்டு. 'அவர் ஆசிரியர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்தது. பெயரே பயனிலை. ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'இஸ்' வந்தே தீரும், வினையின் இடம் அதற்குத்தான். 'டீச்சர்' அதற்குப் பின்னால் வரும், ஆனால் செயப்படுபொருள் அல்ல. அதனால் அங்கே செங்குத்துக் கோடு போடாமல், எழுவாயைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இடப்பக்கம் சாய்ந்த கோடு போடுவார்கள். இந்த ஒரு சாய்வைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வாரம் ஆனது. 'தி டாக் ஸ்மெல்ஸ் தி சூப்' என்றால் நேர்க்கோடு, நாய் சூப்பை முகர்கிறது. 'தி சூப் ஸ்மெல்ஸ் குட்' என்றால் சாய்கோடு, மணப்பது சூப்பேதான். வினை ஒன்று, கோடு வேறு. இந்த இரண்டையும் வரைந்து பார்த்துவிட்டீர்கள் என்றால் அரைக்கிணறு தாண்டியாயிற்று.

மூன்று வாரத்தில் தினமும் பத்து நிமிடம், இரண்டு மூன்று வாக்கியம் போதும். நீங்கள் வரைவதைப் பிள்ளை பார்க்கட்டும். பார்க்கச் சொல்ல வேண்டியதில்லை, சமையலறையில் போர்டை மாட்டினால் அதுவாகவே வந்து நிற்கும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆரம்பித்தது. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த சமயம். 'பாட்டி ஃபெட் தி கேட் அண்டர் தி டேபிள்' என்று எழுதிவைத்துவிட்டு, தோசை வார்க்கத் திரும்பிவிட்டேன். எட்டு வயது மகன் மார்க்கரை எடுத்தான். பாட்டி, ஃபெட், கேட் மூன்றும் கோட்டில் ஏறிவிட்டன. 'அண்டர் தி டேபிள்' மட்டும் கையில் மிச்சம்.

"அம்மா, பூனை மேசைக்கு அடியில இருக்கா, இல்ல பாட்டியா?"

"நீயே சொல்லு."

முதலில் 'கேட்' அடியில் தொங்கவிட்டான். மேசைக்கடியில் இருந்த பூனைக்குப் பாட்டி சோறு போட்டாள். அழித்துவிட்டு 'ஃபெட்' அடியில் மாற்றினான். சோறு போட்ட காரியமே மேசைக்கடியில் நடந்தது. பாட்டி மேசைக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருப்பதை நினைத்து அவன் சிரித்த சிரிப்பில் தோசை கருகியதே தெரியவில்லை. ஒரே வாக்கியம், இரண்டு படம், இரண்டு கதை. ஒரு சொல் எங்கே தொங்குகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்ப்பதுதான் இந்த முறையின் முழு லாபம். நீங்கள் வாங்கப்போகிற புத்தகம் இந்தக் கேள்வியைக் கேட்கவிடுகிறதா, அல்லது முன்கூட்டியே போட்டுவைத்த கட்டங்களை நிரப்பச் சொல்கிறதா என்பதை இந்த மூன்று வாரத்துக்குப் பிறகு பக்கத்தைப் புரட்டினாலே சொல்லிவிடுவீர்கள்.

பிள்ளையைப் பாருங்கள்

மூன்றாம் வகுப்பு வயதுக்கு முன் வேண்டாம். பெயர்ச்சொல், வினைச்சொல் வாயில் புழங்க ஆரம்பித்த பிறகு எட்டு, ஒன்பது வயதில் தொடங்கினால் தாராளமாகப் போதும். பன்னிரண்டில் தொடங்கினாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. பெரிய பிள்ளைகள் வேகமாகப் பிடிப்பார்கள்.

எழுதக் கை வலிக்கிற பிள்ளைக்கு நோட்டில் குட்டிக் குட்டிக் கோடு போடும் ஒர்க்புக் வாங்கினால் வெறுப்புதான் வரும். சொற்களைத் துண்டு அட்டையில் எழுதித் தரையில் நூல் பிடித்து அடுக்கச் சொல்லுங்கள். எங்கள் மகள் அப்படித்தான் ஒரு வருடம் படித்தாள். படம் போடுகிற, லெகோ அடுக்குகிற பிள்ளைக்கு இது விளையாட்டு. கேட்டே கற்கிற பிள்ளைக்கு ஆரம்பத்தில் கோடுகள் அந்நியமாக இருக்கும். அவர்களோடு 'யார் செய்தது? என்ன செய்தது? எதை?' என்று வாயால் கேட்டபடியே வரையவேண்டும்.

விடைநூலிலிருந்து தொடங்குங்கள்

கடைக்குப் போனால் எல்லாரும் மாணவர் புத்தகத்தைத்தான் புரட்டுவோம். நல்ல தாள், நல்ல படம், சரி. ஆனால் நடுராத்திரியில் நம்மைக் காப்பாற்றப்போவது விடைநூல்தான். நான் முதலில் வாங்கிய செட்டின் விடைநூலில் வரைந்து முடித்த படம் மட்டும் இருந்தது, ஒரு வரி விளக்கம் கிடையாது. மகன் வேறு மாதிரி வரைந்திருந்தால் அது தப்பா, அதுவும் ஒரு சரியா என்று எனக்குத் தெரியாது. ஒரு படத்தில் அச்சுப் பிழையே இருந்தது. அதை நம்பி அவனோடு முக்கால் மணி நேரம் சண்டை போட்டேன். அவன்தான் சரி. பிறகு ஒரு பெரிய மில்க்‌ஷேக் வாங்கித்தரவேண்டியதாயிற்று.

அதனால் பெரும்பாலான பதிப்பகங்கள் தங்கள் தளத்தில் வைத்திருக்கும் மாதிரிப் பக்கங்களில் விடைநூல் பக்கத்தைத் தேடிப்பிடித்துப் பாருங்கள். கஷ்டமான இடங்களில் 'இந்தச் சொல் இங்கே தொங்குவது இதனால்' என்று ஒரு வரியாவது இருக்கவேண்டும். இரண்டு விதமாக வரையக்கூடிய வாக்கியத்துக்கு இரண்டையும் காட்டியிருந்தால் அது நல்ல புத்தகம், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். பெற்றோர் என்ன பேசவேண்டும் என்று வசனமாகவே எழுதித் தரும் புத்தகங்களும் உண்டு. ஆங்கில இலக்கணத்தில் கால் ஊன்றாதவர்களுக்கு அவை வரப்பிரசாதம், தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் சலிப்பு.

அப்புறம் வரிசை. ஒரு பாடத்தில் ஒரு புதுக் கோடுதான் வரவேண்டும். எழுவாயும் வினையும், பிறகு அடைகள், பிறகு செயப்படுபொருள், 'அண்டர் தி டேபிள்' மாதிரி முன்னிடைச்சொல் தொடர், இணைப்புச்சொற்கள், 'இஸ்' வகைச் சாய்கோடு, 'ஹி கேவ் மீ' வகை என்று ஏறினால் நல்லது. இதில் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் ஐந்தாம் பாடத்திலேயே கிளைவாக்கியம் (வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம்) வந்தால் புத்தகத்தை மூடிவிடுங்கள். பாடத்தின் கடைசியில் பழைய கோடுகளுக்கும் இரண்டு வாக்கியம் கொடுத்திருக்கிறார்களா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் மார்ச்சில் வரும்போது செப்டம்பர் பாடம் காற்றில் போயிருக்கும்.

சந்தையில் என்ன கிடைக்கிறது

எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேள்விப்படப்போகிற சிலவற்றை மட்டும்.

'ஃபர்ஸ்ட் லாங்குவேஜ் லெசன்ஸ்' நான்கு நிலைகளாக வருகிறது. முதல் இரண்டு நிலையில் வாய்ப்பேச்சும் மனப்பாடமும்தான், கோடு வரைவது மூன்றாவதில் தொடங்குகிறது. பெற்றோர் சொல்லவேண்டியதும் பிள்ளை சொல்லவேண்டியதும் வசனமாகவே இருக்கும். முதல் பிள்ளையோடு உட்கார்கிற, இலக்கணத்தில் நம்பிக்கை இல்லாத அம்மா அப்பாவுக்கு என் முதல் சிபாரிசு இதன் மூன்றாம் நிலைதான். வசனத்தை அப்படியே படிக்கவேண்டும் என்பதில்லை. நான் பாதியைத் தமிழில் சொல்வேன்.

அதே வரிசையின் பெரிய அண்ணன் 'கிராமர் ஃபார் தி வெல்-டிரெய்ன்ட் மைண்ட்'. ஐந்தாம் வகுப்பும் அதற்கு மேலும். இதன் அமைப்பு வித்தியாசமானது: விதிகள் மாறாது, நான்கு நிறத்தில் நான்கு பயிற்சிப் புத்தகங்கள், ஒவ்வொரு வருடமும் அதே விதிகளைப் புது வாக்கியங்களில் திரும்பச் செய்யவேண்டும். முதல் வருடம் பாதிதான் புரியும், அதற்குக் கவலைப்படக் கூடாது. கனமான புத்தகம். வாரத்துக்கு நாலு நாள் உட்கார நேரமில்லாத வீட்டில் தூசிதான் படியும். இதற்குத் துணையாக 'தி டயக்ராமிங் டிக்‌ஷனரி' என்று ஒன்று இருக்கிறது. எந்தப் பாடத்திட்டம் வைத்திருந்தாலும் இதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். 'இந்தச் சொல்லை எங்கே வைப்பது?' என்று திகைக்கும்போது புரட்டிப் பார்க்கத்தான்.

'ராட் அண்ட் ஸ்டாஃப்' மென்னனைட் கிறிஸ்தவர்களின் பதிப்பகம். கெட்டி அட்டை, கறாரான வரிசை, வருடாவருடம் திரும்ப வரும் வரைபடப் பயிற்சி. இலக்கணத்தின் அடர்த்தியில் இதை மிஞ்சுவது கஷ்டம். ஆனால் பயிற்சி வாக்கியங்களில் பைபிள் கதைகளும் பண்ணை வாழ்க்கையும் நிறைய வரும். சில வீடுகளுக்கு அதற்காகவே பிடிக்கும். சில வீடுகளில் வாக்கியத்தை மாற்றிக்கொண்டு கோட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எது சரி என்று நான் சொல்ல முடியாது, வாங்கும் முன் தெரிந்திருக்கவேண்டும், அவ்வளவே.

முழுப் பாடத்திட்டம் வேண்டாம், கோடு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒல்லியான தனிப் புத்தகங்கள் இருக்கின்றன. கிரிட்டிக்கல் திங்கிங் கம்பெனி வெளியிடும் 'சென்டென்ஸ் டயக்ராமிங்' அந்த ரகம். கோடைவிடுமுறையில் ஒரு ருசி பார்க்க ஏற்றது.

இலவசமாக வேண்டுமென்றால் மூலத்துக்கே போகலாம். ரீட்-கெல்லாக்கின் 'ஹையர் லெசன்ஸ்' காப்புரிமை முடிந்து, பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் தளத்தில் கிடைக்கிறது. நடை 19-ஆம் நூற்றாண்டு, எட்டு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கமுடியாது. ஆனால் நீங்கள் படிக்கலாம். எந்தப் புதுப் புத்தகத்திலும் தெளியாத ஒரு சந்தேகம் எனக்கு அங்கேதான் தெளிந்தது. சொல்லப்போனால், பெற்றோருக்கான சிறந்த கையேடு காசில்லாமல் கிடக்கிறது, நாம்தான் வண்ண அட்டையைத் தேடுகிறோம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஹோம்ஸ்கூல் இலக்கணம் என்றால் எல்லாவற்றிலும் கோடு இருக்கும் என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. 'ஈஸி கிராமர்' முன்னிடைச்சொல் தொடர்களை முதலில் அடித்துவிடச் சொல்லி, மிச்சமிருப்பதில் எழுவாயையும் வினையையும் கண்டுபிடிக்கவைக்கும். 'வின்ஸ்டன் கிராமர்' சொற்களுக்கு ஏற்ற அட்டைகளை மேசையில் அடுக்கவைக்கும். 'ஃபிக்ஸ் இட்' ஒரு கதையின் வாக்கியங்களைத் திருத்தவைக்கும். மைக்கேல் கிளே தாம்ப்சனின் புத்தகங்கள் ஒரு வாக்கியத்தின் கீழ் நான்கு வரியில் சொல்வகை, உறுப்பு, தொடர், கிளைவாக்கியம் என்று அலசும். நான்குமே நல்ல புத்தகங்கள்தான். ஆனால் ரீட்-கெல்லாக் கோடு இவற்றின் அடிப்படை அல்ல. மாண்டிசோரி வீடுகளில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணம், வினைக்குச் சிவப்பு வட்டம் வைப்பார்களே, அதுவும் அப்படித்தான்.

இவற்றில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அதை நிறுத்தவேண்டாம். வாரம் ஒரு நாள் அதே புத்தகத்து வாக்கியம் இரண்டை எடுத்து போர்டில் கோடு போடுங்கள். மாண்டிசோரி முக்கோணம் தெரிந்த பிள்ளைக்கு அதே கறுப்பு, சிவப்பு மார்க்கரில் சொற்களை எழுதினால் பழைய அறிவு வீண்போகாது.

பழைய புத்தகம் வாங்கும்போது

ஹோம்ஸ்கூல் குடும்பங்கள் மே, ஜூனில் பழைய புத்தகங்களை விற்கும் நாட்கள் பல ஊர்களில் உண்டு. டாலஸ்காரர்களுக்கு இங்கேயே பிறந்து வளர்ந்த ஹாஃப் பிரைஸ் புக்ஸ் இருக்கிறது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மாணவர் புத்தகமும் விடைநூலும் ஒரே பதிப்பா என்று பார்த்து வாங்குங்கள். பதிப்பு மாறினால் பயிற்சி எண்கள் நழுவிவிடும், பன்னிரண்டாம் வாக்கியத்துக்குப் பதினான்காம் விடையைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒர்க்புக்கில் முந்தைய பிள்ளை பென்சிலில் போட்டிருந்தால் அழிக்கலாம். பேனா என்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர் புத்தகம் மட்டும் தனியாகக் கிடைத்தால் உடனே எடுங்கள், மாணவர் பக்கத்துக்கு உங்கள் ஒயிட்போர்டு போதும்.

வாங்கிய பிறகு

ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம், வாரம் மூன்று நாள். பக்கத்தில் பத்து வாக்கியம் இருந்தால் பத்தையும் செய்யவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நான்கை வரையட்டும், மற்றவற்றில் எழுவாயையும் வினையையும் வாயால் சொல்லட்டும். வாக்கியத்தில் முதலில் தேடவேண்டியது வினை. பிறகு 'யார்?' என்று கேட்டால் எழுவாய் வரும். இந்த வரிசையை மாற்றினால் பிள்ளைகள் வாக்கியத்தின் முதல் பெயர்ச்சொல்லை எழுவாய் என்று போட்டுவிடுவார்கள். 'இன் தி பாக்ஸ் ஸ்லெப்ட் எ கிட்டன்' என்று ஒன்று கொடுத்துப் பாருங்கள், பெட்டி தூங்கும்.

புத்தகத்துக்குப் புத்தகம் சின்னச் சின்னக் கோடுகள் மாறும். மறைந்த 'டு' இருக்கும் கோட்டை ஒருவர் வெறுமையாக விடுவார், ஒருவர் எக்ஸ் போடுவார். அதற்காகப் பிள்ளையோடு மல்லுக்கட்டாதீர்கள். ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு, வேறு புத்தகத்தில் வேறு மாதிரி வந்தால் 'அவங்க வீட்டுப் பழக்கம் அப்படி' என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லியாகவேண்டும். கோடு போடப் பழகினால் கட்டுரை தானாக நன்றாக வரும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களின் தேசியக் கழகம் 1985-லேயே, எழுத்திலிருந்து பிரித்துச் செய்யும் தனி இலக்கணப் பயிற்சிகளுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. 2007-ல் வந்த 'ரைட்டிங் நெக்ஸ்ட்' என்ற ஆய்வறிக்கையிலும் பாரம்பரிய இலக்கணப் பாடம் எழுத்தை மேம்படுத்தவில்லை என்றுதான் வந்தது. அதே அறிக்கையில் நல்ல பலன் காட்டியது, சின்னச் சின்ன வாக்கியங்களை ஒன்றாகக் கோத்து ஒரு பெரிய வாக்கியம் ஆக்கும் பயிற்சி.

நான் இதைப் படித்தபோது கோட்டை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். விடவில்லை, இரண்டையும் சேர்த்துக்கொண்டேன். 'தி கேட் ஸ்லெப்ட்', 'தி கேட் வாஸ் ஃபேட்', 'இட் ஸ்லெப்ட் ஆன் மை புக்' என்று மூன்று துண்டு கொடுப்பேன். பிள்ளை அவற்றை ஒரே வாக்கியமாக்கி எழுதும், பிறகு அதை வரையும். மூன்று முதுகெலும்பு ஒன்றாகி, மிச்சமெல்லாம் கீழே தொங்குவதைப் பார்க்கும். தன் சொந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் நொண்டினால் அதையும் போர்டில் போடுவோம். வினையே இல்லாத வாக்கியம் அங்கே உடனே அகப்பட்டுக்கொள்ளும், கோட்டில் வலப்பக்கம் காலியாக நிற்கும். நான் சிவப்பு மையில் திருத்தினால் முகம் சுருங்கும் பிள்ளை, காலிக் கோட்டைப் பார்த்து "ஓ" என்று மட்டும் சொல்லும்.

கதைப் புத்தகத்திலிருந்து வாக்கியம் எடுக்க ஆசை வரும். எடுங்கள். ஆனால் முதலில் நீங்கள் தனியாக வரைந்து பாருங்கள். எழுத்தாளர்கள் நம் பாட வரிசையைப் பார்த்து எழுதுவதில்லை. மூன்று சொல்தானே என்று எடுத்த வாக்கியம் அரைமணி நேரத்தை விழுங்கிவிடும்.

எப்போது நிறுத்துவது

இரண்டு வருடம், அதிகம் போனால் மூன்று. கிளைவாக்கியத்தைப் புள்ளிக்கோட்டால் இணைத்து, பெயரெச்சம் மாதிரி வரும் 'ஹூ', 'விச்' தொடர்களையும் சரியான சொல்லோடு கட்டத் தெரிந்துவிட்டால், அதற்கு மேல் தினப்பயிற்சி வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கடைசி வாக்கியமாக நான் கொடுத்தது அமெரிக்க அரசியல் சாசனத்தின் முகவுரை. 52 சொற்கள், ஒரே வாக்கியம். மகன் தரையில் நான்கு தாளை டேப் போட்டு ஒட்டினான். முதலில் வினையைத் தேடினான். முதல் வரியில் இல்லை, இரண்டாவதில் இல்லை, முக்கால்வாசி தாண்டிய பிறகுதான் 'டூ ஆர்டெயின் அண்ட் எஸ்டாப்ளிஷ்' அகப்பட்டது. யார்? 'வி'. எதை? 'கான்ஸ்டிடியூஷன்'. முதுகெலும்பு அவ்வளவுதான். 'தி பீப்பிள்' என்பது 'வி'-க்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் போய் உட்கார்ந்தது. நீதியை நிலைநாட்ட, அமைதி காக்க என்று எதற்காகச் செய்கிறோம் என்பதைச் சொல்லும் ஆறு கிளைகளும் வினைக்கு அடியில் சீப்புப் பல் மாதிரி பிரிந்தன.

'டு அவர்செல்வ்ஸ் அண்ட் அவர் பாஸ்டெரிட்டி' வந்தபோது தாள் தீர்ந்துவிட்டது. எழுந்துபோய் ஐந்தாவது தாளை எடுத்துவந்து ஒட்டினான். அன்றைய பதிவேட்டில் இலக்கணம் என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். கொஞ்சம் யோசித்து, குடிமகன் கட்டத்திலும் ஒன்று போட்டேன்.